வேலியே பயிரை மேய்ந்தால்...

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

கல்லீரல் கெட்டது என்றாலே குடிதான் காரணம் என்று ஊர் முடிவு கட்டிவிடுகிறது. மதுவை முகர்ந்தும் அறியாத என் அத்தையும் அந்தப் பேச்சுக்குத் தப்பவில்லை. மஞ்சள் காமாலை முற்றிய பிறகே, அவருடைய நோய் எதிர்ப்பு ஆற்றலே அவரது கல்லீரலைத் தாக்குவதை மருத்துவர் கண்டறிந்தார். வேலியே பயிரை மேய்ந்த கதைதான்!

இந்நோயை 1950-இல் சுவீடன் நாட்டு மருத்துவர் வால்டன்ஸ்ட்ரோம் இளம்பெண்களிடம் கண்டு விவரித்தார். இன்றும் இதற்கு ஆளாவோரில் பெண்களே மிகுதி.

இதில் மரபின் பங்கு என்ன? நமது ஆறாவது குரோமோசோமில் எச்.எல்.ஏ. என்னும் மரபணுத் தொகுதி உள்ளது. இவற்றால் உருவாகும் புரதங்கள், பிற புரதத் துணுக்குகளை ஏந்தி வெள்ளையணுக்களுக்குக் காட்டுகின்றன. அதைக்கொண்டே அவை 'தன்னது', 'அயலது' என்று பிரித்தறிகின்றன. ஐரோப்பிய நோயாளிகளிடம் டி.ஆர்.3, டி.ஆர்.4 வகைகளும், ஜப்பானியரிடம் டி.ஆர்.4 வகையும் அதிகம் காணப்படுகின்றன.

ஆயினும் இவ்வகைகளை உடையோரில் மிகப் பலர் நலமாகவே வாழ்கின்றனர். மரபணு வெறும் விதை. அது முளைக்க வேறு காரணங்களும் கூட வேண்டும். "எனக்கும் வருமா?" என்று அத்தை மகள் கலங்கியபோது இதைத்தான் சொன்னேன்.

பிரெட்னிசோலோன், அசாதயோப்ரின் மருந்துகளால் பெரும்பாலோர்க்கு நோய் கட்டுப்படுகிறது. எனவே, ஊர்ப்பேச்சுக்கு அஞ்சி நோயை மறைக்காமல், காலத்தே இரத்தப் பரிசோதனை செய்துகொள்வதே அறிவுடைமை.