நமக்கு அடுத்து யார்?

போன வாரம் மகள் பள்ளியிலிருந்து ஒரு படம் கொண்டுவந்தாள். குனிந்த குரங்கு மெல்ல நிமிர்ந்து மனிதனாகும் அந்த வரிசை, நம் எல்லோருக்கும் பழக்கமானதுதான். "அப்பா, நமக்கு அடுத்து யார்?" என்றாள். "அடுத்த வெர்ஷன்" என்று சொல்ல வாயெடுத்தேன். மென்பொருள் எழுதுகிறவன் புத்தி!

அந்தப் படத்தின் மூலம், 1965-இல் ருடால்ஃப் ஸாலிங்கர் ஒரு நூலுக்காக வரைந்தது. ஆனால் பரிணாமம் வரிசை இல்லைங்க, கிளைவிடும் மரம். சிம்பன்சி நம் பாட்டன் அல்ல, பங்காளி. ஹோமோ எரெக்டஸ் 15 லட்சம் ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்தது. நாம் வந்து சுமார் 3 லட்சம் ஆண்டுகள்தான் ஆகின்றன. இதில் யார் உசத்தி?

நாகரிகமும் நேர்க்கோடு இல்லை. உழவு தொடங்கியபின் பல இடங்களில் மனிதரின் உயரம் குறைந்ததையும், சொத்தைப்பல் கூடியதையும் எலும்புக்கூடுகள் காட்டுகின்றன.

"அப்போ பழைய காலம்தான் நல்லதா?" என்று கேட்டாள். எனக்குப் பாட்டியின் நினைவு வந்தது. அவர் கூடப்பிறந்த இருவரைப் பெரியம்மை கொண்டுபோனது. அந்த நோய் ஒழிந்ததென 1980-இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. நம் உடம்பு மேம்பட்டதால் அது நடக்கவில்லை. ஊர் ஊராகப் போய்த் தடுப்பூசி போட்டதால் நடந்தது.

அதைத்தான் மகளிடம் சொன்னேன். "பரிணாமத்துக்குப் போய்ச்சேர வேண்டிய இடம்னு ஒண்ணு கிடையாது, கண்ணு. முன்னேற்றமும் தானா வராது, நாமதான் செய்யணும். விட்டுட்டா போயிடும்."

உங்கள் வீட்டுக்கும் அந்தப் படம் ஒருநாள் வரும். வந்தால், பக்கத்திலேயே ஒரு மரத்தைப் பிள்ளையோடு சேர்ந்து வரைந்து பாருங்கள்.