கையெழுத்து இருவருடையது, தலையெழுத்து யாருடையது?

சமாதானம் பேசாத வல்லரசு உண்டா? ஒரு கையில் வெடிகுண்டு, மறு கையில் வெண்புறா! அன்று அமெரிக்காவும் சோவியத் நாடும் உலகைப் பங்குபோட்டுப் பேசின. 1991-இல் சோவியத் ஒன்றியம் கலைந்தது. இன்று சீனா எழுந்து நிற்கிறது. 2022-இல் உக்ரைன் போர் பற்றிய ஐ.நா. பாதுகாப்பு மன்றத் தீர்மானத்தை, போர் தொடுத்த ரஷ்யாவே 'வீட்டோ' போட்டுத் தடுத்தது. ஆட்டக்காரர்கள் மாறுகிறார்கள், ஆட்டம் மாறவில்லை. பேச உட்காருபவன் ஆள்பவன். பேச்சின் பலனைச் சுமப்பவன் உழைப்பவன்.

நாகலூரில் காப்பிப் பழம் பறிக்கும் தோழர்களுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பாருண்டு. வேலை இருக்கிறது, தோழர்களே! சேர்வராயன் மலையில் காப்பி வேரூன்றிய அதே பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான், சேலம், திருச்சி, மதுரைச் சீமைகளின் ஏழைகளைக் கங்காணிகள் இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குக் கொண்டுபோனார்கள். காப்பியை நோய் தின்றது, தேயிலை வந்தது. காட்டைப் பொன் விளையும் தோட்டமாக்கினார்கள் நம்மவர்கள். கூலி? 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கிற்று!

பிறகு வந்தது 'சமாதானம்'. 1964 அக்டோபர் 30-இல் சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தம். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேர் கதையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்! 1974-இல் அந்த மீதியும் ஆளுக்குப் பாதியாயிற்று. மக்களா இவர்கள், மூட்டைகளா? அந்த ஏட்டில் தொழிலாளி ஒரு தரப்பல்ல, வெறும் தொகை. இலங்கையில் எஞ்சியோரின் நாடற்ற நிலையைத் தீர்க்கும் சட்டம் 2003-இல்தான் வந்தது. முப்பத்தொன்பது ஆண்டுகள்!

1987-இல் ராஜீவ் – ஜெயவர்த்தனா ஒப்பந்தம். அதிலும் இரு அரசுகளின் கையெழுத்தே. சில திங்களில் அமைதி காக்கச் சென்ற படை போரிடும் படையாயிற்று, 1990-இல் திரும்பிற்று.

வேறு வழி இல்லையா? உண்டு. வட அயர்லாந்தில் 1998-இல் ஒப்பந்தத்தை மக்களின் வாக்குக்கு விட்டார்கள். 2014-இல் கொலம்பியப் போரில் அடிபட்டவர்கள் அறுபது பேர் ஹவானாவுக்கு அழைக்கப்பட்டு, அரசையும் கொரில்லாக்களையும் முகத்துக்கு நேரே கேள்வி கேட்டார்கள். 2016-இல் மக்கள் அந்த ஒப்பந்தத்தை ஏற்கவில்லை, திருத்தி எழுதினார்கள். தாமதம்தான், ஆனால் கேட்டுத் தாமதிப்பது, கேளாமல் விரட்டுவதைவிட மேல்.

நம் கண்ணெதிரே ஒரு வேலை காத்திருக்கிறது. 1983 கலவரத்துக்குப் பின் கடல் கடந்து வந்து, தமிழ்நாட்டு மறுவாழ்வு முகாம்களில் வாழ்வோரில் மலையகத் தமிழரும் உண்டு. 2019-இன் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கைக்கு இடமில்லை. இனி அவர்களைப் பற்றி டில்லியும் கொழும்பும் பேசுமானால், அவர்களின் பிரதிநிதிகளும் அங்கே உட்கார வேண்டும். தொழிற்சங்கக் கூட்டந்தோறும் தீர்மானம் போடுங்கள். கிளைதோறும் முழங்குங்கள்: எங்களைக் கேளாமல் எங்களைப் பற்றி ஒப்பந்தம் கூடாது!