செட்டை காட்டிய உறவு

மீன்களை வகுப்போர் புறவடிவை நம்பின் வழுவுவர். தாடையும் என்பும் செட்டையுமே தக்க சான்றுகள். தாடையற்றவற்றையும், கசியிழைய வன்கூடுடைய சுறா, திருக்கை முதலியவற்றையும் நீக்கின், இன்றுள்ளவற்றுள் எஞ்சுவன என்பு மீன்கள். இவற்றுட் பெரும்பாலானவற்றின் செட்டை கதிர்கள் தாங்கிய விசிறி போன்றது. மிகச் சிலவற்றினதோ தசையும் என்பும் பொருந்திய சோணை. இப்பின்னைய வகையினதாகிய சீலகாந்து, ஏறத்தாழ 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னரே அற்றொழிந்ததென, உயிர்ச்சுவடுகளை மட்டும் கண்ட அறிஞர் கருதினர்.

1938 திசம்பரில், தென்னாபிரிக்காவின் ஈஸ்ற் லண்டன் துறைமுகத்தில், நூதனசாலைப் பொறுப்பாளர் கோட்னி-லற்றிமர் அம்மையார் மீன்குவியலிடையே விந்தையான செட்டையொன்றைக் கண்டார். அவர் வரைந்தனுப்பிய படத்தால் ஐயுற்ற சிமித் என்னும் இரசாயன விரிவுரையாளர், 1939 இல் நேரிற் கண்டு சீலகாந்தெனத் தெளிந்தார். அதற்குள் உள்ளுறுப்புக்கள் எறியப்பட்டுவிட்டமை பேரிழப்பே. அடுத்த மீன் 1952 இல் கொமோரோத் தீவுகளிலேயே கிடைத்தது. கூர்ப்பு வழியில் இது சூரை மீனிலும் பார்க்க மனிதனுக்கே நெருங்கிய உறவினது.