உழைப்பார் குரலும் சமுதாய ஊடகமும்

பெரம்பலூர், அரியலூர் ஆகிய இரண்டும் பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதிகளாக இருந்தவை. பெரம்பலூர் 1995-இலும், அரியலூர் இறுதியாக 2007-இலும் தனி மாவட்டங்களாயின. முன்னதில் மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளைகின்றன. பின்னதில் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்டு ஆலைகளும் மிக்குள்ளன. மானாவாரி நிலம் ஆண்டு முழுதும் வேலை தாராமையின், இளையோர் பலர் திருப்பூர், கோயம்புத்தூர்ப் பகுதிகளின் பனியன் கம்பெனிகளையும் நூற்பாலைகளையும் நாடிச் செல்கின்றனர். குறைந்த கூலிக்கு உழைக்கும் இவர்கள் தம் நிலையைத் தாமே எடுத்துரைத்தற்கு ஏற்ற ஊடகம் யாது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

தொழிலாளர்க்கெனத் தமிழில் இதழ் தோன்றியது புதிதன்று. 1923-இல் சிங்காரவேலர் 'தொழிலாளன்' என்னும் இதழை நடத்தினார். ஆயின், அச்சிதழ் படிக்கத் தெரிந்தாரையே நேரிற் சென்றடையும். இலங்கை மலையகத் தோட்டத் தொழிலாளரிடையே கோ. நடேசையர் இதழ்கள் வாயிலாகத் தொண்டாற்றியபொழுது, அவர்தம் துணைவியார் மீனாட்சி அம்மையார் பாடல்களைப் பாடியும் அவர்களைத் திரட்டினார். எழுத்து எட்டாத இடத்தை ஒலி எட்டியது. எனினும், இதழிலும் பாட்டிலும் தொழிலாளர் பெரும்பாலும் கேட்போராகவே நின்றனர்.

கேட்போரே பேசுவோராகும் நிலைக்குச் சமுதாய வானொலி வழி வகுத்தது. வானலைகள் பொதுச்சொத்து என்று 1995-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2004-இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் இத்தகைய வானொலி தொடங்கிற்று. 2006-இல் தொண்டு நிறுவனங்களுக்கும் உரிமம் வழங்க நடுவணரசு இசைந்தது. இன்றைய தெலங்கானத்தில் 2008-இல் தோன்றிய 'சங்கம் வானொலி'யைத் தலித் உழவர் மகளிரே நடத்தி வந்துள்ளனர்.

ஆயினும் இவ்வானொலிக்கு இரு எல்லைகள் உள. அதன் ஒலி ஏறத்தாழப் பத்துக் கிலோமீட்டர்த் தொலைவே செல்லும். தானே செய்தி திரட்டி ஒலிபரப்பவும் இசைவில்லை. பெரம்பலூரிலுள்ள தாயும், ஏறத்தாழ 200 கி.மீ. அப்பால் திருப்பூரில் உழைக்கும் மகளும் ஒரே நிலையத்தைக் கேட்டல் இயலாது.

இக்குறையை நீக்க வல்லது தொலைபேசிவழிக் குரல் ஊடகம். சத்தீசுகரில் 2010-இல் தொடங்கிய 'சிஜிநெட் சுவரா' இதற்குச் சான்று. தொழிலாளி ஓர் எண்ணை அழைத்து, தம் மொழியில் செய்தியைப் பதிவு செய்வார். பொறுப்பாளர் அதனை ஆய்ந்து வெளியிடுவர். பிறர் அவ்வெண்ணை அழைத்தே கேட்பர். கூலி கிடைக்காமை போன்ற குறைகளில் உரிய அலுவலரின் தொலைபேசி எண்ணும் உடன் அறிவிக்கப்படும். கேட்டோர் அவரை அழைத்து வினவுவர். குறை கூறுதலோடு அமையாது மறுமொழி பெறுதலும் இம்முறையில் அடங்கும்.

இங்குத் தமிழறிஞர்க்கு ஒரு கடமை உண்டு. பதிவுகளை எழுத்தாக்குவோர் வழக்குச் சொற்களைத் திருத்துதல் தவறு. 'கூலி' என்பது பெரும்பாலும் நாட்கணக்கு. 'சம்பளம்' என்பது மாதக்கணக்கு. இரண்டையும் 'ஊதியம்' என்று மாற்றின், நடை சீர்ப்படும். ஆனால் தொழிலாளி தெரிவித்த செய்தி மறையும். அவர் நாள்தோறும் பெற்றாரா, மாதமுடிவிற் பெற்றாரா என்பதே வழக்கின் உயிர்நிலையாகவும் இருத்தல் கூடும்.

மற்றொன்றும் கருதத்தக்கது. 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் நூற்பாலைகள் சில, திருமணச் செலவுக்கு உதவும் ஒரு தொகையை ஒப்பந்தக் காலத்தின் இறுதியில் தருவதாகக் கூறி இளம்பெண்களை விடுதிகளில் தங்க வைத்துப் பணி கொண்டன. அத்தகைய நிலையிலுள்ள ஒருத்தி இடையிற் பேசினால், காத்திருக்கும் தொகையை இழத்தலும் நேரும். பெயரை நீக்கினும் குரலே ஆளைக் காட்டிக் கொடுக்கும். உடன் உழைப்பார் எளிதில் அறிந்துகொள்வர். ஆதலின், தம் குரலிலேயே வெளியிடுவதா, பிறர் வாயாற் கூறச் செய்வதா, ஆலையை விட்டு நீங்கும்வரை நிறுத்தி வைப்பதா என்பதை அவளே முடிவு செய்தல் வேண்டும்.

எனவே, ஒலிபரப்புக் கருவி கிடைத்தலால் மட்டும் சமுதாய ஊடகம் உழைப்பார்க்கு உரியதாகிவிடாது. பேசும் சொல்லின்மீதும், அது வெளிவரும் காலத்தின்மீதும் அவர்க்கே உரிமை இருத்தலும், சொன்னதற்கு மறுமொழி கிடைத்தலுமே அதனை அவர்க்கு உரியதாக்கும் என்பது எம் துணிபு.