நெஞ்செலும்பு வெட்டிய பிறகு நோவைப் பொறுத்துக்கொள்ள வேண்டுமா?

பைபாஸ் சத்திரசிகிச்சைக்காக யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குச் செல்லவிருப்பவர்களிடம் விசுவமடுவில் பேசினால், இருதயத்தைவிட நெஞ்செலும்பைப் பற்றித்தான் கூடுதலாகக் கேட்கிறார்கள். மயக்கம் தெளிந்த பிறகு அந்த நோவை எப்படித் தாங்குவது என்பதே அவர்களின் கவலை.

இந்தப் பயத்தின் வேரை வன்னியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 2009 இல் புதுமாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் இயங்கிய தற்காலிக வைத்தியசாலைகளில் போதிய மயக்க மருந்தின்றிக் கைகால்கள் அகற்றப்பட்டன. அதைக் கடந்து வந்தவர்கள் பல்லைக் கடித்து நோவைப் பொறுக்கப் பழகியவர்கள். இருதய சத்திரசிகிச்சைக்குப் பிறகு அந்தப் பொறுமையே கெடுதலாகிவிடலாம் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நெஞ்சின் நடுவெலும்பை வாளால் பிளந்து, வேலை முடிந்ததும் உருக்குக் கம்பியால் கட்டுவார்கள். எலும்பு பொருந்த 6 முதல் 8 வாரங்கள் வரை எடுக்கும். முதல் இரண்டு மூன்று நாட்களில் ஆழமாக மூச்செடுத்தாலும் இருமினாலும் நோகும். நோகிறதே என்று மேலோட்டமாக மூச்சுவிட்டால் சுவாசப்பையின் அடிப்பகுதி விரியாது. சளி தேங்கும். நியூமோனியா வரலாம். மோர்பின் போன்ற மருந்துகள் நோவைக் குறைக்கும், ஆனால் அளவு கூடினால் தூக்கம், வாந்தி, மலச்சிக்கல் என்று வந்து, மூச்சையும் மந்தமாக்கும்.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் முழு மயக்கத்தோடு சேர்த்து நரம்பு விறைப்பு ஊசியும் போடுகிறார்கள். பல்லுப் பிடுங்கும்போது முரசு விறைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். நெஞ்செலும்பின் நோவை மூளைக்குக் கொண்டுபோகும் நரம்புகள் முள்ளந்தண்டிலிருந்து புறப்பட்டு, விலா எலும்புகளுக்கிடையே முன்பக்கம் வருகின்றன. அல்ட்ராசவுண்ட் திரையைப் பார்த்தபடி, நெஞ்செலும்பின் இரு பக்கத்திலோ முதுகுத் தசைக்கு அடியிலோ மருந்தைச் செலுத்தினால் அந்த நரம்புகள் சில மணி நேரம் மரத்திருக்கும். முதுகுத் தசைக்கு அடியில் போடும் முறையை 2016 இல்தான் கனடாவில் முதலில் விவரித்தார்கள்.

சிசேரியனுக்குப் போடுவதுபோல முதுகுத்தண்டில் போட்டால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. இருதய-நுரையீரல் இயந்திரத்தில் இணைப்பதற்காகக் குருதி உறையாமல் ஹெபரின் கொடுப்பார்கள். அந்த நிலையில் முள்ளந்தண்டுக்குள் சிறிது குருதி கசிந்தாலும் அது முண்ணாணை அழுத்தி, கால்கள் இயங்காமல் போகும் அபாயம் உண்டு. தசைகளுக்கு இடையே போடும் ஊசியில் அந்த அபாயம் மிகக் குறைவு.

புதுடில்லி எய்ம்ஸ் வைத்தியர்கள் 106 நோயாளிகளிடம் செய்து 2019 இல் வெளியிட்ட ஆய்வில், முதுகுப்பக்கம் இந்த ஊசி போடப்பட்டவர்களுக்கு நோ கட்டுப்பாட்டில் இருந்த நேரம் சுமார் 9 மணி. பரசிட்டமோலும் டிரமடோலும் மட்டும் பெற்றவர்களுக்கு அது சுமார் நாலரை மணி. சுவாசக் குழாயை எடுத்த உடனே, இருமச் சொல்லி வற்புறுத்தும் நேரத்தில், இந்த வித்தியாசம் பெரிது.

ஆனாலும் இது முழுத் தீர்வல்ல. முழு மயக்கம் எப்படியும் வேண்டும். நெஞ்செலும்போரம் போடும் ஊசி, கீழே வடிகுழாய் வைத்த இடத்துக்கு எட்டாது. பைபாஸுக்கு நாளம் எடுத்த காலின் காயத்துக்கும் எட்டாது. (கால்தான் கூட நோகிறது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள்!) மருந்தின் வீரியம் இறங்கியதும் மாத்திரை தேவைப்படும். எல்லா ஆய்வுகளும் ஒரே அளவு பலனைக் காட்டவுமில்லை. யாருக்குப் போடுவது என்பதை மயக்க மருந்து வைத்திய நிபுணர்தான் தீர்மானிப்பார்.

அவர் சத்திரசிகிச்சைக்கு முன் உங்களைப் பார்க்க வருவார். நெஞ்சிலோ முதுகிலோ செல் துண்டு இருந்தால், பழைய காயமென்று விடாமல் அப்போது சொல்லுங்கள். ஊசி போகும் பாதையில் உலோகமோ தழும்போ இருப்பது அவருக்குத் தெரிய வேண்டும். பழைய காயத்தால் தீராத நோவும் அதற்கு நீண்டகாலம் மாத்திரையும் இருந்தால் அதையும் சொல்லுங்கள். அப்படிப்பட்டவர்களுக்குச் சத்திரசிகிச்சை நோ கூடுதலாக இருப்பதுண்டு. முன்பு விறைப்பு ஊசி ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால், குருதி உறையாமலிருக்க மருந்து எடுத்தால், அவையும் முக்கியம். ஆனால் அந்த மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

பிறகு வார்டில் தாதியர் நோவுக்கு 0 முதல் 10 வரை இலக்கம் கேட்பார்கள். 7 என்றால் 7 என்றே சொல்லுங்கள். தலையணையை நெஞ்சோடு இறுக அணைத்துக்கொண்டு இருமினால் நோ குறையும். பக்கத்தில் நிற்கும் பிள்ளைகள் அதை நினைவூட்டலாம்.