இரண்டில் ஒன்று நின்றால்...

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல் மாணவன்

நம் கல்லூரியில் மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர்கள் ஏராளம். அது நின்றுவிட்டால் ஏன் நின்றது என்று சொல்லத் தெரிந்தவர்கள் மிகச் சிலரே. அதைவிடச் சிக்கலான கேள்வி ஒன்று உண்டு. வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் எஞ்சினில் பாதி நின்றுவிட்டது. நின்ற பாதி எது, நின்ற காரணம் எது என்று எப்படிக் கண்டறிவது? அதைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

'பாதி எஞ்சின்' என்றதும் சிலர் நகைக்கலாம். நம் தெருக்களில் ஓடுபவை பெரும்பாலும் ஒற்றைச் சிலிண்டர் வண்டிகளே. புகழ்பெற்ற புல்லட்டுக்கும் ஒரே சிலிண்டர்தான். மைசூரில் தயாரான பழைய யெஸ்டி 250-க்கு இரண்டு புகைக்குழாய்கள் இருந்ததால் அதை இரட்டைச் சிலிண்டர் என்று பந்தயம் கட்டித் தோற்றவர்கள் உண்டு. உண்மையான இரட்டை என்று நம் நாட்டில் பெயர் வாங்கியது, 1983-ல் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் கொண்டுவந்த ராஜ்தூத் யமஹா ஆர்.டி. 350. இரண்டு சிலிண்டரும் சேர்ந்து 347 சி.சி.; டூ ஸ்ட்ரோக் எஞ்சின். பின்னர் 2018-ல் ராயல் என்ஃபீல்டின் 648 சி.சி. இரட்டைச் சிலிண்டர் வண்டிகளான இன்டர்செப்டரும் கான்டினென்டல் ஜி.டி.யும் விற்பனைக்கு வந்தன. இன்று இரட்டைச் சிலிண்டரின் ஓசை கிரிவலப் பாதைக்குப் புதிதல்ல.

எங்கள் ஊரான அடி அண்ணாமலை அந்தப் பாதையில்தான் இருக்கிறது. அங்கே என் சித்தப்பா ஒரு சிறிய மெக்கானிக் பட்டறை நடத்துகிறார். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். விடுமுறை நாட்களில் அவருக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பவனும் நானே. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் சுமார் இருநூறு கிலோமீட்டர் ஓடிவந்த வண்டிகள், கார்த்திகை மழையில் நனைந்து நொண்டியபடி அங்கே வந்து நிற்பதுண்டு.

நொண்டுவது என்பதே சரியான சொல். ஒற்றைச் சிலிண்டர் வண்டியில் தீப்பொறி போனால் வண்டி நின்றுவிடும்; சந்தேகத்துக்கு இடமில்லை. இரட்டையில் ஒன்று போனால் மற்றொன்று இழுத்துக்கொண்டு போகும். சக்தி பாதியாகும் என்று கணக்குப் போடத் தோன்றும். உண்மையில் பாதிக்கும் கீழேதான் கிடைக்கும். செத்த சிலிண்டரின் பிஸ்டனையும் உயிருள்ள சிலிண்டரே மேலும் கீழும் தள்ள வேண்டியிருக்கிறதல்லவா? வண்டிதான் ஓடுகிறதே என்று அப்படியே ஊர் போய்ச் சேர நினைப்பது ஆபத்து. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவிவிடும். புதிய வண்டிகளில் அது புகைக்குழாய்க்குள் இருக்கும் வினையூக்கி மாற்றியை அடைந்து அங்கே எரியும். விலை உயர்ந்த அந்தப் பாகம் வெந்து வீணாகும்.

சென்ற ஆண்டு ஒருவர் வந்தார். வழியில் ஏதோ ஓர் ஊரில் காயில் மாற்றியிருந்தார்கள். வேறோர் ஊரில் பேட்டரி மாற்றியிருந்தார்கள். பணம் போயிற்றே தவிர நோய் போகவில்லை. கடைசியில் கெட்டிருந்தது இடப்பக்கத்துப் பிளக் தொப்பி. சித்தப்பா அதைக் கண்டுபிடிக்க அரைமணி நேரம்கூட ஆகவில்லை. எப்படி என்று கேட்டேன். "நல்லது ஒண்ணு பக்கத்துலயே குந்திக்கினு இருக்குது, அத்தைக் கேளேன்டா!" என்றார்.

இதில்தான் விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. நம் ஆய்வகத்தில் வீட்ஸ்டன் பாலத்தைக் கொண்டு தெரியாத மின்தடையைத் தெரிந்த மின்தடையோடு ஒப்பிட்டு அளக்கிறோம். இரட்டைச் சிலிண்டரில் அந்தத் 'தெரிந்த தடை' எஞ்சினுக்குள்ளேயே அமைந்துவிட்டது. நோயுற்ற சிலிண்டருக்கு அளவுகோல், அதே எண்ணெயும் அதே பெட்ரோலும் குடித்து அதே தூரம் ஓடிய அதன் உடன்பிறப்புதான்.

முதலில் செத்தது எது என்று தெரிய வேண்டும். குளிர்ந்த எஞ்சினை ஒரு நிமிடம் ஓடவிட்டு, சிலிண்டரிலிருந்து புறப்படும் இரண்டு குழாய்களிலும் சில துளி நீரைத் தெளிக்க வேண்டும். 'சொய்ங்' என்று ஆவியாக்குவது உயிருள்ளது. நீர் வழிந்தோடினால் செத்தது. கையால் தொட்டுப் பார்ப்பது வேண்டாம். கையின் தோல் குழாயில் ஒட்டிக்கொள்ளும். ஓடும்போதே பிளக் தொப்பியைப் பிடுங்கிப் பார்க்கும் பழைய வழக்கமும் வேண்டாம். பல்லாயிரம் வோல்ட் கையில் இறங்கும் என்பதோடு, இந்நாளைய வண்டிகளில் மின்னணுப் பெட்டியும் கெடக்கூடும்.

அடுத்து, எஞ்சினை நிறுத்திச் செத்த பக்கத்துப் பிளக்கைக் கழற்றுக. நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால் பெட்ரோல் வருகிறது, பொறி இல்லை என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம். காய்ந்து கிடந்தால் பெட்ரோல் வரவில்லை. திடீரென்று ஒரு சிலிண்டர் விழுந்திருந்தால் முதலில் மின்சாரத்தின் மீதே சந்தேகம் கொள்ள வேண்டும். அமுக்கம் நாளாவட்டத்தில்தான் பெரும்பாலும் குறையும். டூ ஸ்ட்ரோக்கில் ஒரு வேடிக்கை உண்டு. எண்ணெய்க் கரியின் ஒரு சிறு துணுக்கு பிளக்கின் இரு முனைகளுக்கும் நடுவே பாலம் போட்டுவிடும். அந்தக் கணமே சிலிண்டர் நிற்கும். சுரண்டிவிட்டால் போதும், செலவில்லை.

பிறகுதான் இடமாற்றம். இடப்பக்கப் பிளக்கை வலப்பக்கத்திலும் வலப்பக்கத்ததை இடப்பக்கத்திலும் போடுங்கள். நோயும் பக்கம் மாறினால் பிளக்தான் குற்றவாளி. மாறாவிட்டால் பிளக் நிரபராதி. அடுத்துத் தொப்பி, அதற்கடுத்துக் காயில். ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். இரண்டை ஒருசேர மாற்றி வண்டி சரியானால், எது கெட்டிருந்தது என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். ஆர்.டி. 350-இல் பாயிண்ட், கண்டன்சர், காயில், கார்புரேட்டர் யாவும் சிலிண்டருக்கு ஒன்றாக இருந்தமையால் இந்த முறைக்கு அது ஏற்ற வண்டி. காயிலுக்கு வரும் சிறிய கம்பிகளை மட்டும் பக்கம் மாற்றிவிடக் கூடாது. பொறி வேளை தவறி விழும்.

பிளக்கை வெளியே எடுத்து எஞ்சின்மேல் வைத்துப் பொறி வருகிறதா என்று பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். பொறி வராவிட்டால் கோளாறு உறுதி. வந்தால் ஒன்றும் உறுதியில்லை. காரணம் நம் பாடத்திலேயே இருக்கிறது. வாயுவின் அழுத்தத்தையும் முனைகளின் இடைவெளியையும் பெருக்கிவரும் தொகையே பொறி பாயத் தேவையான மின்னழுத்தத்தைத் தீர்மானிக்கிறது என்று 1889-ல் பாஷென் என்ற ஜெர்மானிய அறிஞர் காட்டினார். திறந்த வெளியில் ஒரு மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 3,000 வோல்ட் போதும். சிலிண்டருக்குள் அமுக்கப்பட்ட கலவையில் அது பல மடங்காகிறது. வெளியே நன்றாகப் பொறிக்கும் பலவீனமான காயில் உள்ளே தோற்பது இதனால்தான்.

இதே விதி இன்னொரு புதிரையும் விடுவிக்கிறது. சமதரையில் இரண்டு சிலிண்டரிலும் ஓடும் வண்டி, போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு ஏறும் மலைப்பாதையில் ஒன்றை இழக்கும். ஆக்சிலேட்டரைத் திருகத் திருக உள்ளே கலவை நிறைகிறது, அழுத்தம் கூடுகிறது, பொறி தோற்கிறது. நேர்மாறாக, நிற்கும்போது ஒன்று செத்து, ஆக்சிலேட்டர் கொடுத்ததும் உயிர் பெற்றால் கார்புரேட்டரின் சிறிய ஜெட்டில் அழுக்கு அடைத்திருக்கிறது என்று பாருங்கள். சித்தப்பா பாஷெனைக் கேள்விப்பட்டதில்லை. "ஏத்தத்துல உதறுதா, நின்னாக்க உதறுதா?" என்பதே அவர் வண்டிக்காரரிடம் கேட்கும் முதல் கேள்வி.

2020 முதல் பி.எஸ். 6 விதி நடைமுறைக்கு வந்தபின் பெரும்பாலான புதிய வண்டிகளில் கார்புரேட்டர் இல்லை. இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீய்ச்சுகிறது. எஞ்சின் ஓடும்போது நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை இன்ஜெக்டர்மீதும் பிடியைக் காதிலும் வைத்தால், மருத்துவரின் குழாயில் கேட்பதுபோல் 'டிக் டிக்' என்று கேட்கும். ஒரு பக்கம் கேட்டு மறுபக்கம் மௌனமாயிருந்தால் அந்தப் பக்கத்து இணைப்பைக் கழற்றிப் பாருங்கள். எலி கடித்த கம்பியை நான் அங்கே கண்டிருக்கிறேன்.

பொறியும் பெட்ரோலும் சரி, ஆனாலும் சிலிண்டர் செத்துக் கிடக்கிறது என்றால் எஞ்சுவது அமுக்கம். அளவுமானியைப் பிளக் துளையில் பொருத்தி இரண்டு பக்கத்தையும் அளந்து ஒப்பிட வேண்டும். ஒரு பக்கம் வெகுவாகக் குறைந்திருந்தால், அந்தத் துளையில் ஒரு கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டு மறுபடி அளக்க வேண்டும். அளவு ஏறினால் பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கிறது. எண்ணெய் அந்த இடைவெளியை அடைத்துவிட்டது. ஏறாவிட்டால் வால்வு சரியாக மூடவில்லை, அல்லது ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது. இதில் எதுவாயினும் பெரும்பாலும் எஞ்சினின் தலையைக் கழற்ற வேண்டியிருக்கும்.