போடிமெட்டில் முந்துவது கடினம், கல்லட்டியில் ஒளிவது கடினம்

விடியற்காலையில் மலையடிவாரத்து முந்தலைத் தாண்டும் ஏலத்தோட்ட ஜீப்புகள் முதல் வளைவிலிருந்தே ஹாரன் அடித்துக்கொண்டு போகும். தேனி மாவட்டத்திலிருந்து இடுக்கிக்கு ஏறும் இந்தப் போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏறக்குறைய 20 கி.மீ. தூரத்தில் சுமார் 1,000 மீட்டர் உயரம். நம்மைப் போன்றவர்கள் சைக்கிளில் ஏறினால் மூச்சு முட்டும். ஆனால் தொழில்முறைப் பந்தயம் ஒன்றின் கடைசி ஏற்றமாக இதை வைத்தால், பெரிய ரகளை எதுவும் நடக்காது என்றே எனக்குப் படுகிறது.

காரணம் காற்று. சமதளத்தில் 40 கி.மீ. வேகத்தில் போகிற வீரரின் உழைப்பில் பெரும்பங்கு காற்றைக் கிழிக்கவே போய்விடும். முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டால் மூன்றில் ஒரு பங்காவது மிச்சம். போடிமெட்டில் நூறு மீட்டர் போனால் ஐந்து மீட்டர்தான் உயர்வு. லாரியும் பஸ்ஸும் அன்றாடம் ஏறுகிற சாய்வு. உலகத்தர வீரர்கள் இதில் 25 கி.மீ. வேகத்துக்கு மேல் போவார்கள். அந்த வேகத்தில் ஒண்டுவதில் லாபம் உண்டு. அணித் தலைவரைச் சகாக்கள் முறைவைத்து இழுத்து, மெட்டு வரை பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம்.

பிரான்சின் அல்ப் துயேஸ் வேறு ரகம். 13.8 கி.மீ., 21 வளைவுகள், சராசரியாக நூற்றுக்கு எட்டு. டூர் டி பிரான்ஸ் 1952இல் முதன்முறையாக அங்கே ஏறியபோது வென்றவர் இத்தாலியின் ஃபாஸ்டோ காப்பி. அந்தச் சாய்வில் வேகம் குறைகிறது, காற்று விலகிக்கொள்கிறது, புவியீர்ப்பு மட்டும் மிஞ்சுகிறது. யார் முதுகும் யாருக்கும் அவ்வளவாக உதவாது. உடம்பின் ஒவ்வொரு கிலோவுக்கும் கால் எத்தனை வாட் தருகிறது என்பதுதான் கணக்கு. 60 கிலோ வீரர் ஒரு கிலோ கூடுதலாகச் சுமந்தால், 40 நிமிட ஏற்றத்தில் அரை நிமிடம் போச்சு. கடைசி ஏற்றத்துக்கு முன் தண்ணீர் பாட்டிலை வீசுகிறார்களே, அது அலட்சியமல்ல. சைக்கிளையும் இஷ்டத்துக்கு இளைக்க வைக்க முடியாது. சர்வதேச விதிப்படி 6.8 கிலோவுக்குக் குறையக்கூடாது.

நம் பக்கம் இதற்கு இணை தேடினால் நீலகிரிக்குத்தான் போகவேண்டும். மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டிப் பாதையில் 36 வளைவுகள். 2008இல் தொடங்கிய டூர் ஆஃப் நீல்கிரிஸ் சைக்கிள் பயணத்தில் பெயர்போன ஏற்றம் இதுதான். வருகிறவர்களில் பலர் வேலைக்குப் போகிற ஆட்கள். அங்கே கூட்டம் சில வளைவுகளிலேயே சிதறிவிடும். கொஞ்சம் பேர் இறங்கித் தள்ளிக்கொண்டும் போவார்கள்.